டிரவுட் மீன்பிடி ட்ரிப்னு காசு கட்டப் போறவங்க இத படிச்சிட்டு கட்டுங்க

போன ஜூன் ஸ்கூல் லீவுல நாங்க ஆறு பேர் சிங்கப்பூர்லேர்ந்து நியூசிலாந்து போனோம். அதுல ஒரு நாள முழுசா டோங்கரிரோ ஆத்துக்குன்னே ஒதுக்கி வச்சிருந்தோம். இங்க லோயர் பியர்ஸ் நீர்த்தேக்கத்துல பீக்காக் பாஸ் மீன் பிடிச்சே வருஷம் ஓடிருச்சு, டிரவுட்டுக்கு குளுந்த தண்ணி வேணும், இங்க அதுக்கு வழியே இல்ல. அங்க குளிர்காலத்துல டௌபோ ஏரியிலேர்ந்து ரெயின்போ டிரவுட் முட்ட போட ஆத்துல ஏறி வரும், அதான் அந்த மாசம்.

கூட என் மச்சான், வீட்டுக்காரி தம்பி. தஞ்சாவூர்லேர்ந்து வேலைக்கு வந்து ஆறு மாசந்தான் ஆச்சு, ஃப்ளை ராடு, அதான் பூச்சி மாதிரி செஞ்ச தூண்டில வீசற ராடு, கையில தொட்டதே இல்ல. அவனுக்காகத்தான் கைடு தேடுனேன். தேக்காவுல தெரிஞ்சவர் மூலமா ஒருத்தர் வந்தாரு, நல்லா தமிழ் பேசுனாரு, நம்ம ஆளுன்னு நம்பிட்டேன். ஆளுக்கு 380 சிங்கப்பூர் வெள்ளி, மொத்தம் 2,280, ராடு வேடர்ஸ் மீன்பிடி லைசென்ஸ் மதிய சாப்பாடு எல்லாம் உள்ள, மூணு பேருக்கு ஒரு கைடுன்னு பேச்சு. பேநவ்ல, அதான் போன் நம்பர வச்சு பேங்க்லேர்ந்து காசு அனுப்பறது, போட்டேன், திரையில வேற யாரோ பேரு வந்துச்சு, பார்ட்னர் அக்கவுண்ட்டுன்னாரு, அங்கயே நிறுத்தியிருக்கணும்.

ஆத்தோரத்துல இருக்கற துராங்கி ஊர்ல காலையில பாத்தா எங்களோட இன்னொரு குரூப்பும் சேந்து 11 பேரு, கைடுன்னு ஒரே ஒரு சின்ன பையன். மச்சானுக்கு குடுத்தது ஸ்பின்னிங் ராடு. டோங்கரிரோல ஃப்ளை மட்டுந்தான் அனுமதி, அது அந்த கைடுக்கே தெரியல! வேடர்ஸ், அதான் நெஞ்சு வரைக்கும் வர்ற ரப்பர் பேன்ட், முழங்கால்கிட்ட சைக்கிள் ட்யூபுக்கு போடற மாதிரி ஒட்டு போட்டிருந்துச்சு, ஓரம் பிரிஞ்சு நிக்குது. இடுப்பு பெல்ட்டே இல்ல. ஆத்துல விழுந்தா உள்ள தண்ணி சரசரன்னு ஏறாம தடுக்கறதே அந்த பெல்ட்தான். கேட்டா அதெல்லாம் வேணாண்ணேங்கறான். பத்து நிமிஷத்துல மச்சான், "அத்தான், கால் மரத்துப் போச்சு"ன்னு கரையேறிட்டான், சாக்ஸ பிழிஞ்சா தண்ணி கொட்டுது, உதடெல்லாம் நீலம். அவன் அக்காவுக்கு நான் என்ன பதில் சொல்லியிருப்பேன்?

அப்புறம் ரேஞ்சர் அம்மா வந்து லைசென்ஸ் கேட்டாங்க. வாட்ஸப்ல அனுப்பியிருந்த படத்த காட்டுனேன். அது ஃபிஷ் அண்ட் கேம் லைசென்ஸ், நாட்டுல மத்த இடத்துக்கு செல்லும், டௌபோ பகுதிக்கு செல்லாது, அங்க தனி லைசென்ஸ் எடுக்கணும், அதுவும் அவங்கவங்க பேர்ல. எங்ககிட்ட இருந்ததுல எங்க பேரே இல்ல. மரியாதையாத்தான் பேசுனாங்க, ஆனா எல்லாரு பேரையும் எழுதிக்கிட்டு ராட மடக்க சொல்லிட்டாங்க. கைடு பையன் அதுக்குள்ள வேன்ல ஏறிட்டான். ஒரு மீன்கூட கையில படல.

சிங்கப்பூர் திரும்பி காசு வாங்குனவருக்கு மெசேஜ் போட்டா ப்ளூ டிக் விழுது, பதில் இல்ல, மூணாம் நாள் பிளாக். அப்புறந்தான் எஸ்டிபி, அதான் சிங்கப்பூர் பயணத்துறைக் கழகம், வெப்சைட்ல தேடுனேன், வெளிநாட்டு டூர் விக்கறவங்களுக்கு டிராவல் ஏஜென்ட் லைசென்ஸ் கட்டாயம், இவரு பேரு அதுல இல்ல. ரெண்டு நிமிஷ வேலை, காசு கட்டறதுக்கு முன்னாடி செஞ்சிருங்க. டௌபோ லைசென்ஸும் ஆன்லைன்லயே நாமளே எடுத்துக்கலாம், யாருகிட்டயும் அதுக்கு காசு குடுக்காதீங்க.

ஸ்மால் கிளைம்ஸ்ல, அதான் சின்ன தொகை வழக்க விசாரிக்கற மன்றம், கேஸ் போட்டுட்டேன், 5,000 வெள்ளிக்குள்ள இருந்தா கட்டணம் 10 வெள்ளிதான், ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும். இதே ஆள்கிட்ட ஏமாந்தவங்க பேநவ் ஸ்க்ரீன்ஷாட்டையும் சாட்டையும் அழிச்சிராம எனக்கு தனியா மெசேஜ் பண்ணுங்க, அடுத்த வாரம் கூப்பிட்டிருக்காங்க, எடுத்துட்டு போறேன்.