திமிங்கிலத் தொப்பி: வேலைப்பாட்டுக்கு முழு மார்க், விற்கிற விதத்துக்கு இல்லை

புதுச்சேரி மிஷன் வீதியை ஒட்டிய சந்தில் மர முகமூடி, பொம்மை விற்கும் கடையில் வாங்கிய மரத் தொப்பி இது, ஓர்க்கா திமிங்கில வடிவம். 4,800 ரூபாய் சொன்னார்கள், பேரம் பேசி 4,200. கையால் செதுக்கிய வேலை, சுத்தமாக இருக்கிறது. ஓர்க்கா திமிங்கிலத்தின் முதுகுத் துடுப்பு நிமிர்ந்து நிற்கிறது, பல்வரிசையில் ஒரு பிசிறு கிடையாது. கண்ணில்தான் கோட்டை விட்டார்கள். சிப்பி பதிக்க வேண்டிய இடத்தில் மினுமினு பிளாஸ்டிக்கை ஒட்டியிருக்கிறார்கள், ஒரு கண் அதற்குள் பெயர்ந்துவிட்டது.

சரி, அதை ஒட்டிக்கொள்ளலாம். பெட்டியில் "அலாஸ்கா பார்ட்டி தொப்பி" என்று போட்டிருப்பதைத்தான் தாங்க முடியவில்லை. "தலைல வச்சு ஒரு செல்ஃபி எடுத்துக்குங்க சார்" என்கிறார் கடைக்காரர். அலாஸ்காவின் தென்கிழக்குக் கரையில் வாழும் த்லிங்கிட் மக்களிடம் இந்த மாதிரித் தொப்பி நம் ஊர்ப் பரிவட்டம் மாதிரி, ஆசைப்பட்டவரெல்லாம் தலையில் வைத்துக்கொள்ள முடியாது. தொப்பி குலத்தின் சொத்து; தலைவர் அதைக் காப்பவர், அவ்வளவுதான். குலம் தாய்வழியில் வருவது. குலங்களெல்லாம் அண்டங்காக்கை, கழுகு என்று இரண்டு பெரும் பிரிவு, ஒரு பிரிவின் தொப்பியைச் செதுக்குவது வழக்கப்படி எதிர்ப்பிரிவுக்காரர். முக்கியமாக இறந்தவருக்காக நடத்தும் நினைவு விருந்தில் அது வெளியே வரும். துக்கத்தில் கூட நின்ற எதிர்ப்பிரிவினருக்குச் சாப்பாடு போட்டு, பரிசு கொடுத்து, அவர்கள் முன்னால் அணிவார்கள். முன்னோர்களும் அந்த சபையில் இருப்பதாகத்தான் அவர்கள் பார்க்கிறார்கள்.

நகல் எடுப்பதே தப்பு என்று சொல்லவில்லை. த்லிங்கிட் மக்களில் தக்லவேதி என்ற குலத்தின் திமிங்கிலத் தொப்பி ஒன்றை 1904-இல் ஜான் ஸ்வான்டன் என்ற ஆய்வாளர் வாங்கிப் போக, அது ஒரு நூற்றாண்டு அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் கிடந்து, 2005-இல்தான் குலத்திடம் திரும்பியது. அப்புறம் அதே அருங்காட்சியகம் குலத்தின் சம்மதத்தோடு அதை முப்பரிமாண ஸ்கேன் எடுத்து, மெஷினில் செதுக்கி நகல் செய்தது. கேட்டுவிட்டுச் செய்தார்கள், வித்தியாசம் அங்கேதான். நான் வாங்கியது எந்தக் குலத்தின் தொப்பியைப் பார்த்துச் செய்தது என்று கேட்டேன், "கேட்லாக்ல வந்த டிசைன்" என்றார்.

5-க்கு 3 கொடுக்கிறேன், மூன்றும் செதுக்கியவருக்கு. அதே கை செய்த மீன், யாளி எல்லாம் ஆயிரத்துக்குள் கிடைக்கிறது, அதை வாங்குங்கள். கடலூருக்குப் பஸ்ஸில் கொண்டுபோகிறவர்கள் கூடுதலாகத் துணி சுற்றித் தரச் சொல்லுங்கள், அவர்கள் கொடுக்கும் அட்டைப்பெட்டி தாங்காது.