தமிழ் மின்னூலுக்கு ரீடரா, கைப்பேசியா?

கோலாலம்பூரின் கேஎல் சென்ட்ரலில் எல்ஆர்டி ரயில் ஏறி நாலைந்து நிலையத்தில் இறங்கிவிடுகிறவருக்குக் கைப்பேசியே போதும். ஒரே இருப்பில் நூறு பக்கம் படிக்கிறவருக்கு ரீடர் (கிண்டில், கோபோ போன்ற மின்னூல் படிக்கும் கருவி) வேண்டும். ஆனால் தமிழ் வாசகர் முதலில் பார்க்க வேண்டியது, தன்னிடம் குவிந்து கிடக்கும் கோப்புகள் எந்த வகை என்பதைத்தான்.

பலரிடம் இருப்பது ஏ4 பிடிஎஃப். ஏ4 தாளின் அகலம் 210 மில்லிமீட்டர். 6 அங்குல ரீடரின் திரை அகலமோ 90 சொச்சம். 12 புள்ளி (பாயிண்ட்) அளவு எழுத்து 5 புள்ளியாகச் சிறுத்துவிடும். ‘ண’வா ‘ன’வா என்று சுழி எண்ண முடியாது. படுக்கைவாக்கில் திருப்பினாலும் 7 புள்ளிதான். விரலால் பெரிதாக்கப் போனால் ரீடரின் இ-இங்க் (மின்மை) திரை ஒவ்வொரு அசைவுக்கும் திணறித் திணறி வரையும். பழைய நூல்களின் ஸ்கேன் பிரதிகளுக்குக் கைப்பேசி தேவலாம். 10 அங்குல டேப்லெட் இன்னும் நல்லது.

இபப் (மின்னூலுக்கென்றே உள்ள வடிவம்) கோப்பென்றால் நிலைமை வேறு. எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் தாமாக மடங்கிக்கொள்ளும். ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளம் ஒரே நூலை இபப், பிடிஎஃப் என்று பல வடிவில் இலவசமாகத் தருகிறது. இபப்பையே எடுங்கள்.

அதை யூஎஸ்பி வழியே கிண்டிலில் போட்டுவிட்டு, நூலைக் காணோமே என்று தேடுகிறவர்கள் நிறைய. கிண்டில் இபப்பை நேரடியாகத் திறக்காது. அமேசானின் ‘செண்ட் டு கிண்டில்’ இணையப் பக்கத்தில் ஏற்றினால் மாற்றி அனுப்பிவிடும். கோபோவில் நகலெடுத்தாலே போதும். கணினிக்கு ரீடரே தெரியவில்லை என்றால் முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள். சார்ஜுக்கு மட்டும் உதவும் கேபிள் வீட்டுக்கு வீடு ஒன்று இருக்கும்!

கோபோவில் எழுத்துக்குப் பதில் கட்டங்கள் வந்தால் தமிழ் எழுத்துரு இல்லை என்று பொருள். கருவியின் முதல் மட்டத்தில், எந்தக் கோப்புறைக்குள்ளும் போகாமல், ‘ஃபாண்ட்ஸ்’ (fonts) என்று ஆங்கிலச் சிற்றெழுத்தில் ஒரு கோப்புறை உருவாக்கி, நோட்டோ செரிஃப் தமிழ் எழுத்துருவைப் போட்டு, படிக்கும்போது அதைத் தேர்ந்தெடுக்கவும். அதன் பிறகும் ‘கொ’வின் கொம்பு புள்ளி வட்டத்தோடு தனியே நின்றால் கோளாறு எழுத்துருவில் இல்லை, எழுத்தைக் கோக்கும் மென்பொருளில். கோரீடர் என்ற இலவசச் செயலியை நிறுவிப் பார்க்கலாம். இந்த வேலையெல்லாம் கைப்பேசியில் கிடையாது. தமிழ் வாங்கும்போதே இருக்கிறது.

கண்ணுக்கும் பேட்டரிக்கும் ரீடர்தான். பினாங்கு கர்னி டிரைவில் உச்சி வெயிலிலும் எழுத்து மங்காது. பக்கம் திருப்பும்போது மட்டும் திரை மின்சாரம் தின்பதால் சார்ஜ் வாரக்கணக்கில் நிற்கும். எடை பார்த்தால் கோபோ கிளாரா பிடபிள்யூ 174 கிராம். 2024 கிண்டில் பேப்பர்வைட் 211. கைப்பேசியில் படித்தால் நடுவில் வாட்ஸ்அப் வேறு கூப்பிடும்.

அமேசானில் தமிழ் நூல் வாங்குகிறவர்கள் முதலில் கிண்டில் செயலியைக் கைப்பேசியில் போட்டு ஒரு மாதம் படித்துப் பார்க்கட்டும். பிறகு கிண்டில் ரீடர் வாங்கினாலும் விட்ட பக்கத்திலிருந்து தொடரும்.

லோ யாட் பிளாசாவிலோ வேறு கடையிலோ வாங்குவதானால், வாரண்டி யார் பொறுப்பு என்று ரசீதில் எழுதி வாங்குங்கள்; அமேசானுக்கு மலேசியாவில் தனி விற்பனைத் தளம் கிடையாது. கெட்டியான மூடுறையும் அன்றே வாங்கிவிடுங்கள். பெரும்பாலான ரீடர்களில் திரைக்கு அடியில் இருப்பது மெல்லிய கண்ணாடி. நெரிசலில் பை நசுங்கினால் உள்ளே விரிசல் விட்டு, பாதிப் பக்கம் கோடுகளோடு உறைந்துவிடும். அதை மாற்ற ஆகும் செலவு பல சமயம் புதிது வாங்கும் விலையை நெருங்கிவிடும்.