வேடந்தாங்கலா, பள்ளிக்கரணையா?

கையில் கேமரா, எதிரே ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. பறவை பார்க்க எங்கே போவது? சென்னையில் பத்தில் எட்டுப் பேர் யோசிக்காமல் வேடந்தாங்கல் என்பார்கள். என் ஓட்டு பெரும்பாலும் நகருக்குள்ளேயே இருக்கும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குத்தான். இரண்டுமே 2022இல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்தவை. மற்றபடி குணத்தில் இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

வேடந்தாங்கல் கூடு கட்டும் ஏரி. பரப்பு சுமார் 30 ஹெக்டேர்தான். தண்ணீருக்குள் நிற்கும் நீர்க்கடம்பு, கருவேல மரங்களில் கூழைக்கடா, நத்தைகுத்தி நாரை, மஞ்சள்மூக்கு நாரை, கரண்டிவாயன், வக்கா எல்லாம் அடுக்குமாடியில் குடியிருப்பதுபோல் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும். எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பதால் ஊர்க்காரர்கள் காலங்காலமாகப் பறவைகளைக் காத்து வருகிறார்கள். 1798இலேயே கலெக்டர் லயோனல் பிளேஸ் அந்த உரிமையை எழுத்தில் கொடுத்தார். துப்பாக்கிச் சத்தம் கேட்காத ஊர் என்பதால், கரையில் ஆள் நடந்தால் பறவைகள் அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை.

படம் எடுப்பவருக்கு இங்கே கிடைப்பது குடும்பக் காட்சிகள். வெயில் ஏறியதும் மஞ்சள்மூக்கு நாரை இறக்கையைப் பாதி விரித்து, குஞ்சுகளுக்கு நிழல் கொடுத்தபடி அசையாமல் நிற்கும். சில சமயம் அலகில் தண்ணீர் கொண்டுவந்து குஞ்சுகள்மேல் ஊற்றும். இந்தக் காட்சிக்குப் பள்ளிக்கரணையில் வழியே இல்லை. ஆனால் மரங்கள் தள்ளி இருப்பதால் 300 மி.மீ. லென்ஸில் வெள்ளைப் புள்ளிகள்தான் மிஞ்சும். வெயில் ஏற ஏறக் கானல் அலை வேறு சேர்ந்துகொள்ளும், அப்புறம் என்ன லென்ஸ் போட்டாலும் படம் கூர்மையாக வராது. விடுமுறை நாள் கூட்டத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

பள்ளிக்கரணை தீனி தேடும் இடம். துரைப்பாக்கம் - பல்லாவரம் ரேடியல் சாலை சதுப்பு நிலத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. நடைபாதையில் நின்றாலே போதும்: நாமக்கோழி, பவளக்காலி, அன்றில், மீசை ஆலா, மேலே வட்டமிடும் சேற்றுப் பூனைப்பருந்து. நீலத் தாழைக்கோழி சம்புத் தண்டைப் பிடுங்கி, ஒரு காலையே நம் கைபோல வைத்துப் பிடித்துத் தூக்கிக் கடித்துத் தின்னும். கரையோரமாக மேய்கிற நாளில் இதைச் சாதாரண ஜூம் கேமராவிலேயே எடுத்துவிடலாம்.

வெளிச்சத்தைத்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். சாலை கிழக்கு மேற்காக ஓடுகிறது, குளிர்காலச் சூரியன் தென்கிழக்கில் எழும். காலையில் தெற்கே திரும்பினால் எதிர்வெளிச்சம்தான். வடக்குப் பக்கம் எடுங்கள். பின்னணியில் கட்டடமோ மின்கம்பியோ நுழையத்தான் செய்யும். எனக்கு அது குறையாகத் தெரியவில்லை, நகரத்துப் பறவை நகரத்தோடு இருக்கட்டுமே! வண்டிகள் பறக்கிற சாலை, அதனால் கண்ணை வியூஃபைண்டரில் வைத்தபடி பின்னால் மட்டும் நகராதீர்கள்.

இங்கே தண்ணீர் மட்டம்தான் நாள்காட்டி. மழை முடிந்த கையோடு வாத்துகள், நாமக்கோழிகள். மட்டம் இறங்கிச் சேறு தெரியத் தொடங்கினால் உள்ளான் வகைகள், அதிர்ஷ்டமிருந்தால் பூநாரைகள். நகருக்குள்ளேயே இருப்பதால் அடிக்கடி போகலாம், ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போவதால்தான் பறவை அடையாளம் மனதில் பதிகிறது. புதிதாகத் தொடங்குபவருக்கு நான் பள்ளிக்கரணையைச் சொல்வது இதனால்தான். லென்ஸ் வாங்குவதற்கு முன் எட்டு மடங்கு பெரிதாக்கிக் காட்டும் ஒரு 8x42 பைனாகுலரை வாங்கச் சொல்வேன்.

வேடந்தாங்கலுக்குப் பருவத்தில் ஓரிரு முறை போனால் போதும், ஜனவரியில் வார நாளாக இருந்தால் நல்லது. போகிற கையோடு பக்கத்திலுள்ள கரிக்கிலியையும் எட்டிப்பாருங்கள். வாத்துகளுக்கு அது தேவலை, கூட்டமும் குறைவு. இரண்டு ஊரிலும் வெள்ளைப் பறவைகளை வெயிலில் எடுக்கும்போது எக்ஸ்போஷரை (கேமராவுக்குள் விழும் ஒளியின் அளவை) அரை ஸ்டாப்பாவது குறையுங்கள், இல்லாவிட்டால் இறகு வரி எல்லாம் வெளுத்துப்போகும். புறப்படும் முன் வேடந்தாங்கல் ஏரியில் தண்ணீர் இருக்கிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். மழை பொய்த்த வருஷத்தில் அங்கே கூடு பார்க்க முடியாது.