புல்மோட்டை மணலும் கலக்கித் தொட்டியும்: நெடுநாள் பாவனையில் தெரிந்தவை

திருகோணமலையில் இந்தக் கண்ணாடித் தொட்டி ஒரே வேலைக்குத்தான் பாவனையில் இருக்கிறது. புல்மோட்டை இல்மனைற்று மணல் (இரும்பும் தைத்தேனியமும் சேர்ந்த கறுப்புக் கனிமம்) கலந்த நீருக்குள் வளியை விட்டு, ஒட்சிசன் எவ்வளவு விரைவாகக் கரைகிறது என்று அளப்பதுதான் அது. மேற்கு அவுஸ்திரேலியாவில் உருவான பெச்சர் முறையில், தாழ்த்திய, அதாவது இரும்பு உலோகமாக மாற்றப்பட்ட, இல்மனைற்றிலுள்ள அந்த இரும்பைத் துருவாக்கிப் பிரிப்பதும் இதே மாதிரித் தொட்டிகளில்தான். அதற்கு எத்தனை மணி நேரம் பிடிக்கும் என்பதை ஒட்சிசன் கரையும் வேகமே பெரும்பாலும் தீர்மானிக்கிறது.

தொட்டியின் உள்விட்டம் 240 மி.மீ., நீர்மட்டமும் அதே அளவு, கொள்ளளவு ஏறக்குறைய 10.9 லீற்றர். 80 மி.மீ. ரஷ்டன் சுழலி (வட்டத் தட்டின் விளிம்பில் நிமிர்ந்த தட்டை அலகுகள் உள்ளது), 24 மி.மீ. அகலத் தடுப்புத் தகடுகள் நான்கு, சுழலிக்குக் கீழே வளி விடும் 60 மி.மீ. வளையக் குழாய். குறை சொல்ல வேண்டியது மோட்டரைப் பற்றித்தான். நிமிடத்துக்கு 900 சுற்றில், வளி இல்லாமல், வெறும் நீருக்கே இந்தச் சுழலி சுமார் 55 வாற்று இழுக்கும். 50 வாற்று மோட்டர் அதற்கே போதாது, மணலைக் கண்டதும் இன்னும் திணறும். வாங்குபவர்கள் 150 வாற்றுக்குக் கீழே போக வேண்டாம்.

900 சுற்று எதற்கு? இல்மனைற்று நீரைப் போல நாலரை மடங்கு அடர்த்தியானது. 150 மைக்ரோமீற்றர் மணல் நீரின் எடையில் 10 சதவீதம் இருந்தால், மணல் அடியில் தங்காமல் மிதக்கத் தேவையான வேகத்துக்கு ஸ்வீட்டரிங் 1958இல் தந்த சமன்பாட்டின்படி, சுழலியின் வடிவத்தைப் பொறுத்து 900 முதல் 1,150 சுற்று வரை தேவை. மணலை இரட்டித்தாலும் வேகம் 9 சதவீதமே கூடும். ஆனால் வலு வேகத்தின் மும்மடியோடு போவதால் அது 30 சதவீதம் ஏறும். நிமிடத்துக்கு ஒரு தொட்டிக் கொள்ளளவு வளி விடும்போது, 250 சுற்றுக்குக் கீழேதான் சுழலி குமிழிகளைச் சிதறடிக்க முடியாமல் வளியில் மூழ்கும். ஆகவே இங்கே வேகத்துக்குக் கீழெல்லையை வைப்பது வளி அல்ல, மணல்தான். வளியைத் திறந்ததும் சுழலி இழுக்கும் வலு குறைந்து மணல் மறுபடி படியும். வேகத்தைக் கூட்டியே ஆக வேண்டும். தொட்டியின் அடியில் முகம்பார்க்கும் கண்ணாடியை வைத்து டோர்ச் அடித்துப் பாருங்கள். தடுப்புத் தகட்டின் அடிமூலையில் கறுப்புப் பிறை ஒன்று ஒதுங்கி நின்றால், அந்த அளவீட்டை எழுதி வைப்பதில் பயனில்லை.

அளப்பதில்தான் பெரிய சிக்கல். நைதரசன் விட்டு ஒட்சிசனை விரட்டி, பிறகு வளிக்கு மாற்றி, நிரம்பலுக்கு இன்னும் எவ்வளவு செறிவு குறைகிறது என்பதை மடக்கை வரைபில் போட்டால், படித்திறன் கே-எல்-ஏயை (kLa, ஒட்சிசன் கரையும் வேகத்தின் அளவுகோல்) தரும். வெறும் நீரில் கலக்கியை நிறுத்தி நைதரசன் குமிழிகளை வெளியேற விடலாம். மணலோடு நிறுத்த முடியாது, எல்லாம் அடியில் போய் இறுகிவிடும். ஆகவே கலக்கி ஓடட்டும். நைதரசனை அரை நிமிடம் நிறுத்தி, நீர்மட்டத்துக்கு மேலுள்ள இடத்துக்கு மட்டும் நைதரசனைத் தொடருங்கள். இல்லாவிட்டால் மேற்பரப்பால் வளி உள்ளே இழுபடும். கரைந்த ஒட்சிசனை அளக்கும் உணரியின் வேகத்தையும் பாருங்கள்: கே-எல்-ஏ செக்கனுக்கு 0.05 என்றால் மாற்றத்துக்கான காலமாறிலி (மாற்றத்தில் ஏறக்குறைய 63 சதவீதம் முடியும் நேரம்) 20 செக்கன்தான். அதே அளவு நேரம் தானே எடுக்கும் உணரி தன் சோம்பலைத்தான் அளந்து காட்டும்.

உணரியின் சவ்வை மணல் அராவும். தடுப்புத் தகட்டுக்குப் பின்னால், 45 பாகை சாய்த்துப் பொருத்தினால் மணலும் நேரே மோதாது, முகத்தில் குமிழியும் ஒட்டாது.

மணல் சேர்ந்ததும் கே-எல்-ஏ மாறினால், உடனே மணல் எவ்வளவு போட்டோம் என்பதைக் காரணம் காட்ட வேண்டாம். குமிழியைச் சுற்றிய திரவப்படலம் சுமார் 20 மைக்ரோமீற்றர் தடிப்பு. 150 மைக்ரோமீற்றர் மணி அதற்குள் புக முடியாது. பெரும்பாலும் வேலை செய்வது தூசுத்துணிக்கைதான்: கொஞ்சம் இருந்தால் குமிழிகள் ஒன்றுசேர்வதைத் தடுக்கலாம், கூடினால் பிசுக்குமையை ஏற்றிக் கெடுக்கும். மணலைக் கழுவி, தூசை வடித்து, தனியாக எடை பார்த்து வையுங்கள். கடல்நீரில் செய்த சோதனையைக் குழாய்நீர்ச் சோதனையோடு ஒப்பிடவும் கூடாது. உப்பு குமிழிகளைச் சிறியனவாக வைத்திருக்கும். 30 பாகை செல்சியசில் ஒட்சிசனின் நிரம்பல் செறிவையும் லீற்றருக்கு 7.5 மில்லிகிராமிலிருந்து சுமார் 6.2க்கு இறக்கும்.

தேய்மானத்தைப் பொறுத்தவரை, அடியில் தாங்கி வைத்த கலக்கி இந்த வேலைக்கு ஆகாது. மணல் அதை அரைத்துவிடும். மேலிருந்து மட்டும் தொங்கும் தடித்த தண்டே நல்லது. 304 வகைத் துருப்பிடிக்கா உருக்கு உப்பில் குழி விழும், 316 வகை அதைவிட நன்றாகத் தாக்குப்பிடிக்கும். வளி விட நுண்துளைக் கல் வைத்தால் அடைத்துக்கொள்ளும், ஒரு மி.மீ. துளைகள் கீழ்நோக்கியுள்ள வளையமே போதும். எண்ணெய் இல்லாத கொம்பிரசர் கட்டாயம், நீரில் எண்ணெய் சேர்ந்தாலே கே-எல்-ஏ மாறும்.

மாரிக்காலத்தில் மின்சாரம் திடீரென நின்றால் சுழலி மணலில் புதையும், வளையத்துக்குள்ளும் மணல் ஏறும். வளிக்குழாயில் ஒருவழி வால்வு போடுங்கள். மின்சாரம் வந்ததும் மோட்டரை உடனே போடாமல், முதலில் வளியைத் திறந்து, தண்டைக் கையால் சுற்றி, மணல் இளகிய பிறகே போடுங்கள்.