நியூயார்க்கின் இரண்டு தீ விபத்துகள்

1904 ஜூன் 15, ஈஸ்ட் ஆறு. ‘ஜெனரல் ஸ்லோகம்’ நீராவிப் படகில் தீ. சர்ச் சுற்றுலா கிளம்பிய, நியூயார்க்கில் குடியேறிய ஜெர்மானியத் தாய்மார்களும் பிள்ளைகளும்தான் படகு முழுக்க. தண்ணீர்க் குழாய் வெடித்துக் கிழிந்தது. மிதவை அங்கியின் தக்கை பொடிப்பொடியாக உதிர்ந்தது. ஆயிரத்துக்கும் மேல் சாவு.

1911 மார்ச் 25, டிரையாங்கிள் சட்டைத் தொழிற்சாலை. 146 பேர் சாவு, பெரும்பாலும் யூத, இத்தாலியக் குடியேறிப் பெண்கள். ஒன்பதாம் மாடிக் கதவு ஒன்று பூட்டியிருந்தது. தீயணைப்பு ஏணியோ ஆறாம் மாடியோடு சரி.

எண்ணிக்கையில் முதலாவதுதான் பெரிது. ஆனாலும் இன்றுவரை பேசப்படுவது இரண்டாவது. தையல் பெண்கள் 1909லேயே வேலைநிறுத்தம் செய்து பழகியவர்கள். தெருவுக்கு வந்தார்கள், தொழிலாளர் சட்டங்கள் மாறின. ஜெர்மானியர் பலரோ தாங்கள் வாழ்ந்த பேட்டையையே காலி செய்து, நகரின் வடக்கே யார்க்வில் பக்கம் போய்விட்டார்கள். அப்புறம் முதல் உலகப் போர் வந்தது, ஜெர்மனி எதிரி நாடானது. ஜெர்மானியருக்காக அழ யாருக்கு மனசு வரும்?