கேஎல் – பினாங்கு பஸ்: ஸ்வெட்டர் கண்டிப்பா வேணும்

மலேசியாவுல கேஎல், அதாவது கோலாலம்பூர்லருந்து பினாங்கு தீவுக்குப் போறதுக்கு எல்லாரும் இடிஎஸ் ரயில்ல போ, நாலு மணி நேரத்துல தீவுக்கு எதிர்க்கரையில இருக்கற பட்டர்வொர்த்னு சொன்னாங்க, நான் வேணும்னே பஸ் புடிச்சேன். ரயில் வேகம்தான், ஆனா பஸ்ஸுன்னா வழியில நிறுத்துவான்ல, எறங்கி ஏதாவது வாங்கித் திங்கலாம்ல.

கேஎல்ல பஸ் ஏறுற டிபிஎஸ் டெர்மினலுக்கு முழு மார்க். 2011ல தொறந்த எடம், ஏர்போர்ட் மாதிரி போர்டுல நேரம் ஓடுது, டிக்கெட்ட ஸ்கேன் பண்ணாத்தான் கேட்டுக்கு கீழ எறங்க விடுவாங்க. என் பஸ் மட்டும் 40 நிமிஷம் லேட்டு, ஏன்னு கேட்டா கவுன்ட்டர்ல ஒரு சிரிப்பு, அவ்வளவுதான். கம்பெனி பேரு வேணாம் விடுங்க. சீட்டு அருமை, ஒரு பக்கம் ரெண்டு இன்னொரு பக்கம் ஒண்ணு, நல்லா சாச்சாலும் பின்னாடி இருக்கறவங்க முட்டியில இடிக்கல. மசாஜ் சீட்டுன்னு போட்டிருந்தான், ரிமோட் இருந்துச்சு, மசாஜ் இல்ல.

ஏசி பத்தி சொல்லியே ஆகணும். வெளிய வெயில் கொளுத்துது, உள்ள ஐஸ் பொட்டி. மேல இருக்கற ஓட்டைய திருகுனா அது கையோட சுத்துதே தவிர மூடல, கடைசியில டிஷ்யூ பேப்பர சுருட்டி அடைச்சேன். பக்கத்து வரிசையில ஒரு அக்கா கால் வரைக்கும் போர்வைய போத்திக்கிட்டு, "என்னாம்மா, ஜாக்கெட் எடுத்துட்டு வரலையா, நல்லா குளிரும்லா"ன்னாங்க. அப்புறம் பையிலருந்து ஒரு பாக்கெட் கச்சாங் பூத்தே எடுத்து நீட்டுனாங்க. பேரு மலாய்ல இருக்கு, உள்ள பாத்தா முறுக்கு, ஓமப்பொடி, வறுத்த கடலை! அவங்க வழியில வர்ற ஈப்போ ஊர்ல புந்தோங் பக்கமாம், அங்க நம்ம ஆளுங்க தலமுறை தலமுறையா இதத்தான் சுட்டு விக்கிறாங்களாம். காரம் கம்மி, மொறுமொறுப்பு ஜாஸ்தி, ஈப்போ சுண்ணாம்பு மலை ஜன்னல்ல தெரியறதுக்குள்ள பாதி பாக்கெட் என் மடியில காலி.

ஆனா நான் காத்துக்கிட்டிருந்தது அதுக்கு முன்னாடியே வந்துருச்சு, தாப்பா ஆர் அண்ட் ஆர், ஹைவேல பஸ் நிறுத்தி சாப்புடற எடம். டிரைவர் "லீமா பெலாஸ் மினிட்"னு சொல்லிட்டு எறங்கிட்டாரு, அதாவது 15 நிமிஷம், அதுல டாய்லெட் லைனே அஞ்சு நிமிஷம் தின்னுருச்சு. நேரா கெரோப்போக் லேக்கோர் பொரிக்கற எண்ணெய்ச் சட்டிகிட்ட போய் நின்னேன். மீனையும் சவ்வரிசி மாவையும் பெசஞ்சு நீளமா உருட்டி வேகவெச்சு, அப்புறம் வெட்டி எண்ணெயில போடுறது. பாக்க சாம்பல் கலர்ல ஒண்ணும் கவர்ச்சியா இருக்காது, கடிச்சா மேல கறுக்குனு, உள்ள ரப்பர் மாதிரி இழுக்கும், மீன் வாசம் அடிக்கும், இனிப்பும் காரமுமா ஒரு சாஸ்ல தொட்டா நிறுத்தவே முடியாது. கூட ரெண்டு கரிபாப், சமோசா மாதிரி உள்ள உருளக்கெழங்கு மசாலா வெச்சது, நாக்க சுட்டுக்கிட்டேன். பீசாங் கோரெங், அதான் வாழைப்பழ பஜ்ஜி, வாங்க நேரமில்ல, அந்த வருத்தம் இன்னும் இருக்கு.

ஒரு விஷயம், எறங்கறப்ப பஸ் நம்பர் பிளேட்ட போட்டோ எடுத்து வெச்சுக்கங்க. ஒரே கலர்ல மூணு பஸ் நிக்குது, நான் லேக்கோர் பையோட வேற பஸ்ல ஏறி யாரோ ஒரு தாத்தா சீட்டுல உக்காரப் போயிட்டேன்.

ஹைவேல வர்ற மெனோரா சுரங்கப்பாதை தாண்டுனதும் தூங்கிட்டேன், முழிச்சா பினாங்கு பாலம், 13.5 கிலோமீட்டர், ரெண்டு பக்கமும் கடல். தீவுல சுங்கை நிபோங் பஸ் ஸ்டாண்டுல எறக்கி விட்டாங்க, பினாங்கோட மெயின் டவுன் ஜார்ஜ் டவுன் போக இன்னொரு வண்டி புடிக்கணும், அத கணக்குல வெச்சுக்கங்க.

அஞ்சுக்கு மூணரை மார்க். பகல் பஸ்ஸே எடுங்க, திரும்பி வர்றப்ப ராத்திரி பஸ்ல வந்தேன், நடுராத்திரி நிறுத்துனப்ப லேக்கோர் சட்டி கவுத்து வெச்சிருந்துச்சு.