முதுகைப் பார்த்து வாங்க வேண்டிய அட்டைகள்: வெள்ளவத்தைக் கடை ஒன்றின் மதிப்புரை

காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், தையற்கடைக்கு மேலேயுள்ள ஒற்றை அறையில், பழைய தபாலட்டைகளும் முத்திரைகளும் விற்கிறார்கள். கொழும்பில் பழைய தாள்களைத் தேடுபவர்கள் பெரும்பாலும் டி. ஆர். விஜேவர்தன மாவத்தைப் புத்தகக் கடைகளுக்குத்தான் போவார்கள். அங்கே பத்துப் புத்தகங்களைப் புரட்டினால் ஓர் அட்டை உதிரலாம், உதிராமலும் போகலாம். இங்கே பொருள்வாரியாகப் பெட்டிகள் அடுக்கப்பட்டிருக்கின்றன. 'தலைவர்களின் இல்லங்கள்' என்று மும்மொழியிலும் எழுதப்பட்ட பெட்டி ஒன்றுக்காகவே நான் இரண்டு சனிக்கிழமைகளைச் செலவழித்தேன்.

பெட்டியில் முக்காற்பங்கு அமெரிக்க அட்டைகள். ஜோர்ஜ் வோஷிங்டனின் மவுண்ட் வெர்னன், தோமஸ் ஜெபர்சனின் மொண்டிசெல்லோ, ஸ்பிரிங்பீல்ட் நகரில் ஆபிரகாம் லிங்கன் வாழ்ந்த வீடு ஆகியவை திரும்பத் திரும்ப வருகின்றன. மவுண்ட் வெர்னனின் வெளிச்சுவர் எல்லா அட்டைகளிலும் வெள்ளைக் கருங்கல்லாகவே தெரிகிறது. உண்மையில் அது மரப்பலகை. கல் அடுக்கியதுபோலப் பலகையைச் செதுக்கி, ஈர வண்ணத்தின்மீது மணலைத் தூவிச் செய்த வேலைப்பாடு. வீட்டுக்காரர் தொடங்கிவைத்த பாசாங்கை அட்டை அச்சிட்டவர்களும் தொடர்ந்திருக்கிறார்கள். மொண்டிசெல்லோ அட்டைகளிலும் குவிமாடமும் புல்வெளியும்தான் உண்டு. அந்த வீட்டைக் கட்டி, பேணி, அதன் தோட்டங்களில் உழைத்த அடிமை மக்கள் வாழ்ந்த பக்கத்தைக் காட்டும் ஓர் அட்டையும் பெட்டியில் இல்லை.

இந்தக் கடையின் பெருங்குறை ஆண்டு குறிப்பதில் இருக்கிறது. மவுண்ட் வெர்னன் அட்டை ஒன்றின் உறையில் '1905' என்று எழுதி 2,500 ரூபா விலையிட்டிருந்தார்கள். கையில் எடுத்ததுமே துணி நெய்ததுபோன்ற சொரசொரப்பு விரலில் பட்டது. லினன் அட்டை என்று சேகரிப்பாளர்கள் சொல்வது இதைத்தான்; துணியன்று, துணிபோல அழுத்தம் கொடுக்கப்பட்ட தாள். அமெரிக்காவில் இவ்வகை 1930களில்தான் பரவியது. அட்டையின் பின்புறமும் நடுக்கோட்டால் பிரிக்கப்பட்டு, இடப்பக்கம் செய்திக்கும் வலப்பக்கம் முகவரிக்கும் ஒதுக்கப்பட்டிருந்தது. அப்படிப் பிரித்த பின்புறத்தைப் பிரித்தானியா 1902இலேயே அனுமதித்தது; அமெரிக்கா அனுமதித்ததோ 1907 மார்ச்சில். அதற்கு முன் அங்கே பின்புறம் முழுவதும் முகவரிக்கு மட்டும் உரியது. ஆக, அந்த '1905' இரண்டு வழியாலும் பொய்த்துவிடுகிறது.

இதைச் சொன்னபோது கடைக்காரர் முகம் கோணவில்லை. "நீங்கள் சொல்வது சரிதான் ஐயா, மொத்தமாக வாங்கிய அட்டைகள், உறையோடு வந்த குறிப்பு அது" என்று ஒப்புக்கொண்டு, பென்சிலால் ஆண்டை வெட்டினார். விலையை வெட்டவில்லை.

அதே அறியாமை வாங்குபவருக்கு வாய்ப்பாகவும் அமைகிறது. ஸ்பிரிங்பீல்ட் வீட்டு அட்டை ஒன்று, முன்புறத்தின் ஓரமெங்கும் மையால் கிறுக்கியிருந்ததால், 'பழுது' என்று குறிக்கப்பட்டு 600 ரூபாவுக்குக் கிடந்தது. பின்புறத்தில் எழுத இடமில்லாத காலத்து அட்டையாதலால், அனுப்பியவர் படத்தைச் சுற்றியிருந்த வெள்ளை விளிம்பில் தன் நலச்செய்தியை நெருக்கி எழுதியிருக்கிறார். என் கண்ணுக்கு அது பழுதில்லை, அட்டையின் வயதுச் சான்று. லிங்கன் 1844இல் வாங்கி 1861 வரை குடியிருந்த இவ்வீடுதான் அவர் சொந்தமாக வைத்திருந்த ஒரே வீடு என்பதால், அதை விட்டுவர மனம் வரவில்லை.

இலங்கைப் பகுதி மெலிந்தது, ஆனால் தரமானது. கோட்டையிலுள்ள குயின்ஸ் ஹவுஸைக் காட்டும், கொழும்புப் புகைப்பட நிறுவனமான பிளாட்டேயின் அட்டை, நிறம் தீட்டப்பட்டது, 6,000 ரூபா. தேசாதிபதிகள் வாழ்ந்த அந்த மாளிகை 1972இல் ஜனாதிபதி மாளிகையாயிற்று. அட்டையில் வாயிற்காவலர் ஒருவரைத் தவிர ஆளரவமே இல்லை. 2022 ஜூலையில் அதே வாயிலில் திரண்ட கூட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்த்த எவருக்கும் அந்த வெறுமை விசித்திரமாகத் தோன்றும். விலை கூடுதல்தான், இருந்தும் வாங்கினேன்.

சேர் பொன்னம்பலம் இராமநாதனின் வார்ட் பிளேஸ் இல்லத்தைக் காட்டும் அட்டை உண்டா என்று கேட்டேன். இதுவரை கண்ணிற் படவில்லை என்றார். இதற்குக் கடையை நோவதில் பயனில்லை. அக்காலத்து அட்டைகள் பெரும்பாலும் கொழும்புத் துறைமுகத்தில் இறங்கி ஏறும் கப்பற் பயணிகளை நம்பி அச்சிடப்பட்டவை. அவர்களுக்குத் தேசாதிபதியின் வீடு தெரிந்திருந்தது, சட்டசபைத் தமிழரின் வீடு தெரிந்திருக்கவில்லை.

அட்டைகளைப் பாதுகாக்கும் முறை கவலை தருகிறது. மலிவான மென்பிளாஸ்டிக் உறைகளில், கடற்காற்று நேரே நுழையும் யன்னலருகே வைத்திருக்கிறார்கள். சில உறைகள் அட்டையோடு ஒட்டத் தொடங்கிவிட்டன. வாங்கியதும் அமிலமற்ற தாளுறைக்கு மாற்றிவிடுவது நல்லது. கட்டணம் ரொக்கமாக மட்டும், படிக்கட்டு செங்குத்தானது. உறையிலிருந்து அட்டையை வெளியே எடுத்துத் திருப்பிப் பார்க்கத் தடையில்லை, கேட்டால் உருப்பெருக்கிக் கண்ணாடியும் தருகிறார்கள்.